இன்னொரு கால்

கிளாஸ்கோவில் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அடியில்
சாலை ஒரு பாலத்துக்குள் நுழைந்து வெளிவரும்.
அந்தப் பாலத்துக்கு ஊர் வைத்த பெயர் குடை.
குடைக்குக் கீழே மழை பெய்யாது,
பக்கவாட்டில் வரும்.

செவ்வாய், வியாழன், இரவு பத்திலிருந்து இரண்டு வரை
நானும் மைரியும் சுற்றுகிறோம்.
அவள் நர்ஸ், படித்துவிட்டு வந்தவள்.
நான் படுத்துக் கிடந்து எழுந்து வந்தவள்.
இருவருக்கும் ஒரே ஊதா ஜாக்கெட்,
என்னுடையதில் மட்டும் முதுகில்
‘சக’ என்று தொடங்கும் ஒரு வார்த்தை.
அந்த இரண்டெழுத்துக்கு நான் கொடுத்தது
பதினோரு வருஷம், இரண்டு பல், ஒரு மகன்.
மகன் உயிரோடுதான் இருக்கிறான், டண்டீயில்.
என்னிடம் இல்லை, அதைச் சொல்ல வந்தேன்.

பையில் காலுறை முப்பது ஜோடி,
மூக்கில் அடிக்கும் நலோக்சோன் நான்கு,
ஃபிளாஸ்கில் சர்க்கரை அள்ளிக் கொட்டிய டீ.
நிறுத்தியவர்களுக்கும் நிறுத்தாதவர்களுக்கும்
சர்க்கரை மட்டும் பொது.

மூடிய செருப்புக்கடை வாசலில் லாக்லன்.
ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளிருந்து குரல் மட்டும்:
“சர்ச்சா?”
“இல்லை.”
“கவுன்சிலா?”
“இல்லை.”
“பின்னே யாரு நீ?”
“இந்த வாசல்ல உனக்கு முந்தி இருந்தவ.
இடது மூலையில தண்ணி ஒழுகுமே,
இன்னும் ஒழுகுதா?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு ஜிப் ஒரு சாண் இறங்கியது.
“ஒழுகுது” என்றான்.

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள்.
நான் அறிந்தது அவன் கால்.
ஒன்பது நாள் கழற்றாத காலுறை
தோலோடு சேர்ந்து வரும்,
அவசரப்பட்டால் போச்சு.
மைரி வெந்நீர் ஊற்றினாள், நான் இழுத்தேன்,
அவன் கடைக் கண்ணாடிக்குள்
விலைச்சீட்டு தொங்கும் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
இடது கால் முடிந்தது.
வலதை நீட்டச் சொன்னதும்
உள்ளே இழுத்துக்கொண்டான்.
“போதும். போ.”

போனேன்.
நானும் ஒருத்தியை விரட்டியிருக்கிறேன்,
அவள் கொடுத்த டீயை அவள் மேலேயே ஊற்றி.
துடைத்துக்கொண்டு போனவள்
வியாழக்கிழமை வந்தாள்.

பக்கத்துச் சந்தில் யாரோ ஃபாயிலைச் சூடேற்றினார்கள்.
அந்த வாசனைக்கு
வாய் ஊறியது. மறைத்து என்ன ஆகப்போகிறது.
மூன்று வருஷம் நான்கு மாதம் ஆன வாய்
நாய் போல ஊறியது.
மைரியிடம் ஃபிளாஸ்க்கைக் கொடுத்துவிட்டு
வெளிச்சமுள்ள பஸ் ஸ்டாப் வரை நடந்து
இஷ்பெலுக்குப் போன் போட்டேன்.
மணி ஒன்று நாற்பது.
“எங்கே நிக்கிறே?” என்றுதான் கேட்டாள்.
ஏன் என்று கேட்கவில்லை.
டீயில் நனைந்தவள் அவள்தான்.

மறுநாள் ஆபீஸில் படிவம்.
தொடர்பின் விளைவு, ஒன்றைத் தேர்வு செய்க:
விடுதிக்கு அனுப்பப்பட்டார்.
சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்.
மறுத்தார்.
கீழே ‘இதர’ என்ற கட்டத்தில்
‘இடது கால்’ என்று எழுதினேன்.
மேனேஜர் ருவாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
இது என்ன என்றான். சொன்னேன்.
எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றான்.
அது எனக்கும் தெரியவில்லை.

வியாழன், வாசல் காலி.
அட்டை மட்டும் நனைந்து உப்பிக் கிடந்தது.
ஒழுகும் மூலையில் ஒரு பேப்பர் கப்,
அவன் வைத்ததாகத்தான் இருக்கும்,
விளிம்பு வரை நிறைந்திருந்தது.
போலீஸா, ஆஸ்பத்திரியா,
யாராவது வீட்டுச் சோபாவா.
நான்காவதை நாங்கள் வாயால் சொல்வதில்லை.

ஒரு ஜோடியைப் பிரித்தேன்.
காலுறைக்கு ஏது இடம் வலம்,
இருந்தாலும் ஒன்றை வலது என்று வைத்துக்கொண்டு
ஷட்டர் கைப்பிடியில் முடிச்சிட்டேன்.
மைரி கப்பை எடுத்துக் கவிழ்த்துவிட்டு
மறுபடி அதே மூலையில் வைத்தாள்.